ஒப்புதல் வந்துவிட்டது, நிலுவைப் பணம் எங்கே?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் கணவருக்கு எஸ்எஸ்டிஐ (உடம்பு முடியாமல் வேலை செய்ய இயலாதவர்களுக்கு, முன்பு வேலை செய்து வரி கட்டியதன் பேரில் சோஷியல் செக்யூரிட்டி தரும் மாதத் தொகை) தரலாம் என்று ஜட்ஜின் தீர்ப்பு வந்து ஏழு வாரம் ஆகிறது. இந்த மாதம் ஒரு மாதத் தொகை மட்டும் வங்கிக்கு வந்தது. மூன்று வருட நிலுவையைக் காணோம். போன் செய்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு மேல் பதில் இல்லை. எவ்வளவு வரும், எப்போது வரும், ஏதாவது கோளாறா?

முதலில் மனசு ஆறும்படி ஒன்று. மாதத் தொகை முதலில் வந்து நிலுவை பின்னால் வருவது சகஜம். கோளாறு என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒப்புதலுக்குப் பிறகு 30 முதல் 90 நாளுக்குள் பெரும்பாலும் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். அதைத் தாண்டினால் அநேகமாக ஒரு குறிப்பிட்ட காரணம் இருக்கும். அது என்ன என்று கண்டுபிடித்துக் கேட்டால்தான் ஃபைல் நகரும். பொதுவாக “பணம் எப்போது வரும்” என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

தீர்ப்பு சொல்லும் ஜட்ஜ் பணம் போடுவதில்லை. ஹியரிங் ஆபீஸிலிருந்து ஃபைல் பேமென்ட் சென்டருக்குப் போகும். அங்கே ஒருவர் மாதவாரியாகக் கணக்குப் போட்டு, வக்கீல் பங்கைப் பிரித்து, வேறு பிடித்தங்கள் உண்டா என்று பார்த்த பிறகே பணம் கிளம்பும். எஸ்எஸ்ஐ என்ற இன்னொரு அரசு உதவித்தொகை என்றால் கதை வேறு. அது வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத் தருவது. அதனால் உள்ளூர் சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் உங்களைக் கூப்பிட்டு, விண்ணப்பித்த நாளிலிருந்து யார் வீட்டில் இருந்தீர்கள், வாடகை யார் கொடுத்தார்கள், வங்கியில் எவ்வளவு இருந்தது என்று கேட்கும். அந்தப் போனை எடுக்காமல் விட்டால் ஃபைல் அங்கேயே கிடக்கும். தெரியாத எண் என்று தவறவிடுபவர்கள் நிறைய. வாய்ஸ்மெயிலைத் தினமும் பாருங்கள். அதே சமயம், பணத்தை விடுவிக்கக் கட்டணம் கட்டு, கிஃப்ட் கார்டு வாங்கு என்று எவனாவது பேசினால் அது மோசடி. போனை வைத்துவிட்டு நீங்களே ஆபீஸைக் கூப்பிடுங்கள்.

உங்கள் தொகையை அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீங்களே கணக்கிட முடியும். வேண்டியது இரண்டு தேதிகள்: விண்ணப்பித்த தேதி, தீர்ப்பில் ஏற்றுக்கொள்ளப்பட்ட இயலாமை தொடங்கிய தேதி. இரண்டாவதை விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய தேதியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜட்ஜ் அதைத் தள்ளி வைத்திருக்கலாம். தீர்ப்பின் முதல் பக்கங்களிலோ கடைசிப் பத்தியிலோ இருக்கும்.

எஸ்எஸ்டிஐக்கு ஐந்து முழுக் காலண்டர் மாதம் காத்திருப்புக் காலம் உண்டு. அந்த ஐந்து மாதத்துக்குப் பணம் எப்போதுமே கிடையாது. “முழு” என்ற சொல்தான் இங்கே முக்கியம். 2022 ஜனவரி 15 அன்று இயலாமை தொடங்கியதாக ஏற்றுக்கொண்டால் ஜனவரி கணக்கில் சேராது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஜூன் காத்திருப்பு. ஜூலை 2022-தான் முதல் உரிமை மாதம். இதே தேதி ஜனவரி 1 என்றிருந்தால் ஜனவரியும் எண்ணப்பட்டு, உரிமை ஜூனிலேயே தொடங்கியிருக்கும். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு மட்டும், 2020 ஜூலை 23 முதல் ஒப்புதல் பெற்றவர்களுக்கு, இந்தக் காத்திருப்பு இல்லை. முன்பு எஸ்எஸ்டிஐ வாங்கி நின்றுபோய், ஐந்து வருடத்துக்குள் மறுபடி இயலாமை வந்தவர்களுக்கும் இல்லை.

இரண்டாவது வரம்பு: விண்ணப்பித்த மாதத்துக்கு 12 மாதத்துக்கு மேல் பின்னோக்கிப் பணம் தர மாட்டார்கள். 2015-லேயே உடம்பு முடியாமல் போயிருந்தாலும், 2023-இல் விண்ணப்பித்தால் 2022-க்கு முன்னால் எதுவும் வராது. காத்திருப்பு ஐந்து, பின்னோக்கு பன்னிரண்டு. ஆக, விண்ணப்பத்துக்கு 17 மாதம் முன்பே இயலாமை தொடங்கியதாக ஏற்றுக்கொண்டவர்களுக்குத்தான் பின்னோக்குப் பணம் முழுசாகக் கிடைக்கும்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். விண்ணப்பம் 2023 ஜூன் 10. தொடக்கத் தேதி 2022 ஜனவரி 15. தீர்ப்பு 2025 செப்டம்பர். உரிமை ஜூலை 2022-இல் தொடங்குகிறது. பின்னோக்கு எல்லை ஜூன் 2022, அதற்குள் அடங்குகிறது. தீர்ப்பு வந்த மாதத்துக்கு முந்தைய மாதம் வரை எண்ணினால் 2022-இல் 6, 2023-இல் 12, 2024-இல் 12, 2025-இல் 8, மொத்தம் 38 மாதம். மாதம் 1,800 டாலர் என்று வைத்துக்கொண்டால் 68,400 டாலர். அசலில் ஒவ்வொரு வருடமும் விலைவாசி உயர்வு சேர்வதால் பழைய மாதங்களின் தொகை கொஞ்சம் குறைவாகவும் புதியவை கூடுதலாகவும் இருக்கும். இன்றைய தொகையை 38-ஆல் பெருக்கி, வந்தது குறைகிறதே என்று பதற வேண்டாம்.

இதில் வக்கீல் பங்கு. ஒப்பந்த முறையில் நிலுவையின் 25 சதவீதம் அல்லது உச்சவரம்பு, எது குறைவோ அது. 2024 நவம்பர் 30 முதல் அந்த வரம்பு 9,200 டாலர். மேலே உள்ள கணக்கில் 25 சதவீதம் 17,100 வருகிறது. ஆனால் வக்கீலுக்கு 9,200-தான். கைக்கு 59,200. இதை அரசே பிடித்து வக்கீலுக்கு நேராக அனுப்பிவிடும். நீங்கள் செக் எழுத வேண்டாம். மருத்துவ ரெக்கார்டு வாங்கிய செலவு, தபால் செலவு போன்றவற்றுக்கு வக்கீல் தனியாகப் பில் அனுப்பலாம், அது நியாயம்தான். பிள்ளைகளுக்கு வரும் நிலுவையும் அந்த 25 சதவீதக் கணக்கில் சேரும் என்பது பலருக்கும் தெரியாத விஷயம்.

மாதத் தொகை எப்போதும் ஒரு மாதம் பின்தங்கியே வரும். செப்டம்பருக்கானது அக்டோபரில். எந்தப் புதன் என்பது பயனாளியின் பிறந்த நாளைப் பொறுத்தது: 1 முதல் 10 வரை என்றால் இரண்டாம் புதன், 11 முதல் 20 வரை மூன்றாம் புதன், 21 முதல் 31 வரை நான்காம் புதன். எஸ்எஸ்டிஐ, எஸ்எஸ்ஐ இரண்டும் வாங்குகிறவர்களுக்கு எஸ்எஸ்டிஐ 3-ஆம் தேதி, எஸ்எஸ்ஐ 1-ஆம் தேதி. விடுமுறை வந்தால் முந்தைய வேலை நாள். நிலுவைக்கு இந்தப் புதன் கணக்கு பொருந்தாது. அது எந்த வார நாளிலும் வந்து விழும். பல நேரம் கடிதத்துக்கு முன்பே வந்துவிடும். வங்கி ஸ்டேட்மென்டில் “எஸ்எஸ்ஏ ட்ரெஸ் 310” என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் வாலில் “சோக் செக்” என்றிருந்தால் எஸ்எஸ்டிஐ. “சப் செக்” என்றிருந்தால் எஸ்எஸ்ஐ. பெயர் தெரியாத பெரிய தொகை வந்ததே என்று குழம்பாமல் இருக்க இந்த வால் போதும்.

சரி, மாதத் தொகை வந்து நிலுவை நிற்கிறதே, ஏன்?

அதிகமாக நடப்பது இது. உங்கள் கணவர் காத்திருந்த காலத்தில் எஸ்எஸ்ஐ வாங்கியிருந்தாலோ, எஸ்எஸ்ஐக்கும் சேர்த்து ஒப்புதல் வந்திருந்தாலோ, ஒரே மாதத்துக்கு இரண்டு பணமும் முழுசாகத் தர மாட்டார்கள். எஸ்எஸ்டிஐ அந்தந்த மாதமே வந்திருந்தால் எஸ்எஸ்ஐ எவ்வளவு குறைந்திருக்குமோ, அவ்வளவையும் எஸ்எஸ்டிஐ நிலுவையிலிருந்து கழிப்பார்கள். 2025-இல் எஸ்எஸ்ஐ தனிநபர் உச்சத் தொகை 967 டாலர். ஒருவர் அதை 8 மாதம் வாங்கியிருந்து, அதே மாதங்களுக்கு 1,800 எஸ்எஸ்டிஐ இப்போது ஒப்புதலானால், 7,736 டாலர் நிலுவையில் கழியும். அபராதம் என்று நினைத்துப் பலர் கலங்குகிறார்கள். ஒரே செலவுக்கு இரண்டு முறை தராத கணக்கு, அவ்வளவுதான். பிரச்சினை எங்கே என்றால், எஸ்எஸ்ஐ கணக்கை உள்ளூர் ஆபீஸ் முடித்துச் சொன்ன பிறகே பேமென்ட் சென்டர் நிலுவையை விடுவிக்கும். இவர் அவருக்காகவும், அவர் இவருக்காகவும் காத்திருக்க வாரங்கள் ஓடும். எஸ்எஸ்ஐக்கு நீங்கள் தகுதியே இல்லை என்றாலும், முதல் நாள் விண்ணப்பத்தில் அதற்கும் சேர்த்து டிக் செய்திருந்தால், அந்த எஸ்எஸ்ஐ விண்ணப்பத்தை முறைப்படி மறுத்து மூட வேண்டும். அது மூடப்படாமல் கிடப்பதே தாமதத்துக்குக் காரணமாக இருக்கலாம். உள்ளூர் ஆபீஸைக் கூப்பிட்டு இதைத்தான் முதலில் கேளுங்கள்.

அடுத்தது வக்கீல் பக்கம். ஒப்பந்தத்தை ஜட்ஜ் அங்கீகரித்திருந்தால் வேகமாக முடியும். நடுவில் வக்கீலை மாற்றியிருந்து, பழைய வக்கீல் தன் கட்டணத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரவில்லை என்றால், ஒப்பந்த முறை போய், ஒவ்வொருவரும் வேலை நேரத்தைப் பட்டியலிட்டு மனுப் போடும் முறை வரும். அது முடியும்வரை 25 சதவீதம் முழுசாகவும், 9,200 என்ற வரம்பு இல்லாமல், பிடித்து வைக்கப்படும். மீதி 75 சதவீதம் வந்துவிட்டு, “கால்வாசி எங்கே” என்று கேட்பவர்களின் கதை அநேகமாக இதுதான். இப்போதைய வக்கீலிடம் பழையவரின் கட்டண விலக்குக் கடிதம் ஃபைலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வேலையில் அடிபட்டதற்கான இழப்பீடு, அதாவது வொர்க்கர்ஸ் காம்ப், வாங்கியிருந்தால் மூன்றாவது முடிச்சு. இரண்டும் சேர்ந்து, இயலாமைக்கு முந்தைய சராசரிச் சம்பளத்தின் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எஸ்எஸ்டிஐ குறையும். செட்டில்மென்ட் ஆர்டர், வக்கீல் செலவு, மருத்துவச் செலவு விவரம் எல்லாம் இல்லாமல் அவர்களால் கணக்கிட முடியாது. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் ஆர்டரின் எல்லாப் பக்கங்களையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனிச் சங்கடம் உண்டு. அப்பா பெயர் இனிஷியலாக ஒரு இடத்தில், கடைசிப் பெயராக இன்னொரு இடத்தில், விசாவில் முதல் பெயர் இல்லை என்று “எஃப்என்யூ” இன்னொரு இடத்தில். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வங்கி பணத்தைத் திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. திரும்பிய பணம் மறுபடி கிளம்ப வாரக்கணக்கில் ஆகும். பணம் வரப்போகிற நேரத்தில் வங்கியையும் மாற்றாதீர்கள், வீட்டையும் மாற்றினால் அன்றே சொல்லிவிடுங்கள்.

எஸ்எஸ்ஐ நிலுவை ஒரே தடவையில் வராது. வக்கீல் கட்டணமும், மாநில உதவித்தொகை வாங்கியிருந்தால் அதன் திருப்பித்தரலும் போக, மீதி மூன்று மாத உச்சத் தொகைக்குக் கீழே இருந்தால்தான் மொத்தமாக வரும். 2026-இல் மாத உச்சம் 994, அதன் மும்மடங்கு 2,982. மீதி 12,000 டாலர் என்றால் முதல் தவணை 2,982, ஆறு மாதம் கழித்து இன்னொரு 2,982, மேலும் ஆறு மாதம் கழித்து எஞ்சிய 6,036. வாடகை பாக்கி, உணவு, உடை, மருத்துவக் கடன், வீடு வாங்குவது போன்றவற்றுக்கு முதல் இரண்டு தவணைகளைக் கூட்டித் தர விதி உண்டு. ஆனால் நீங்கள் கேட்க வேண்டும், பில்லைக் காட்ட வேண்டும். தானாக யாரும் கூட்டித் தர மாட்டார்கள்.

எஸ்எஸ்ஐ வாங்குகிறவர் கையில் தனிநபராக 2,000 டாலருக்கும், தம்பதியாக 3,000 டாலருக்கும் மேல் இருக்கக் கூடாது. நிலுவைப் பணத்துக்கு 9 மாத விலக்கு உண்டு. பத்தாவது மாதம் முதல் தேதியில் மீதியிருந்தால் அது சொத்தாக எண்ணப்படும், எஸ்எஸ்ஐ நிற்கும். ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனி 9 மாதம். நிலுவையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தால் எது எப்போதையது என்று காட்டுவது சுலபம். ஏபிள் கணக்கில் (இயலாமை உள்ளவர்களுக்கான சிறப்புச் சேமிப்புக் கணக்கு) போட்டால் 1,00,000 டாலர் வரை எஸ்எஸ்ஐ சொத்தாகக் கொள்ளாது. 46 வயதுக்குள் இயலாமை தொடங்கியவர்கள் 2026 ஜனவரி முதல் இதைத் திறக்கலாம், அதற்கு முன் வயது வரம்பு 26. ஊரில் அண்ணன் பெயரில் போட்டு வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இலவசமாகக் கொடுத்துவிட்ட பணத்துக்கு எஸ்எஸ்ஐ தண்டனைக் காலம் போடும்.

இப்போது நான் அதிகம் வற்புறுத்துகிற விஷயம். நிலுவை வந்தவுடன் கடனை அடைக்கவோ கார் வாங்கவோ ஓடாதீர்கள். அந்தப் பணத்தில் வேறு யாருக்காவது பங்கு இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி வழியாக நீண்டகால இயலாமைக் காப்பீடு வாங்கிக்கொண்டிருந்தால் நிச்சயம் பாலிசியைப் படியுங்கள். பெரும்பாலான பாலிசிகள் எஸ்எஸ்டிஐயைக் கழித்துத்தான் கொடுக்கும். மாதம் 3,000 கொடுத்துவந்த காப்பீட்டு நிறுவனம், எஸ்எஸ்டிஐ 1,800 என்று தெரிந்ததும், இனி 1,200 மட்டும் தரும். கூடவே, கடந்த மாதங்களுக்கு 1,800 வீதம் நீங்கள் அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கேட்கும். 38 மாதம் என்றால் நிலுவை கிட்டத்தட்ட முழுசும் அவர்களுக்கே போகும். வக்கீலுக்குக் கொடுத்ததைப் பெரும்பாலும் கழித்துக்கொள்ள விடுவார்கள். அவார்டு லெட்டர் (தொகை விவரத்தோடு சோஷியல் செக்யூரிட்டி அனுப்பும் கடிதம்) நகலோடு அதை எழுத்தில் கேளுங்கள். பணத்தைச் செலவழித்துவிட்டால் அவர்கள் அடுத்த மாதங்களின் காப்பீட்டுத் தொகையை நிறுத்திப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது வீட்டுச் செலவுக்கே கை வறண்டுபோகும்.

அவார்டு லெட்டர் வந்ததும் நான்கு எண்களைப் பாருங்கள்: முதல் உரிமை மாதம், மாதத் தொகை, வக்கீலுக்குப் பிடித்தது, வங்கியில் விழுந்தது. கணக்கு இடித்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு. தபாலுக்கு 5 நாள் கூடுதலாகத் தருவார்கள். உரிமை மாதம் அல்லது தொகையில் கணக்குப் பிழை என்றால் தயங்க வேண்டாம். ஆனால் ஜட்ஜ் தொடக்கத் தேதியைத் தள்ளி வைத்ததை எதிர்த்துப் போவது வேறு விஷயம். முழுத் தீர்ப்பும் மறுபடி அலசப்படலாம், கிடைத்ததும் போகலாம். நான்கைந்து மாதப் பணத்துக்காக அந்த ஆபத்தை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எதற்கும் வக்கீலோடு உட்கார்ந்து பேசாமல் செய்யாதீர்கள்.

18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் தனி விண்ணப்பம் போட வேண்டும். தானாக வராது. பள்ளி முடிக்காத 18 வயதுப் பிள்ளைக்கும் 19 வரை உண்டு. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மனைவி என்ற முறையில் உங்களுக்கும் உரிமை இருக்கலாம். தள்ளிப்போட்டால் மாதங்கள் கைநழுவும். பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் அசலாகவோ, வழங்கிய அலுவலகமே அத்தாட்சி செய்த பிரதியாகவோ வேண்டும்; நோட்டரி கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ் செல்லாது. தமிழில் இருந்தால் நீங்கள் காசு கொடுத்து மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பேச்சுக்கும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம்.

மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு, முதல் உரிமை மாதத்திலிருந்து 24 மாதம் முடிந்து 25-ஆவது மாதம் தொடங்கும். மேலே சொன்ன உதாரணத்தில் அது ஜூலை 2024, தீர்ப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதில் டாக்டர் செலவைப் பார்க்கும் பார்ட் பி பகுதியின் பிரீமியம் 2025-இல் மாதம் 185 டாலர், 2026-இல் 202.90. அது மாதத் தொகையில் பிடிக்கப்படும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் வேலை வழியாகக் குடும்பக் காப்பீடு இருந்து, அந்தக் கம்பெனியில் 100 பேரோ அதற்கு மேலோ இருந்தால், பார்ட் பி இப்போது வேண்டாம் என்று சொல்ல வழி உண்டு.

வருமான வரி விஷயம். எஸ்எஸ்ஐக்கு வரி கிடையாது. எஸ்எஸ்டிஐயில் பாதியும் மற்ற வருமானமும் சேர்ந்து, கூட்டாகத் தாக்கல் செய்பவர்களுக்கு 32,000 டாலரையும், தனி நபருக்கு 25,000 டாலரையும் தாண்டினால் ஒரு பகுதிக்கு வரி வரும். மூன்று வருட நிலுவை ஒரே வருடத்தில் விழுவதால் வரி எகிறுகிற மாதிரி தெரியும். பழைய ரிட்டர்ன்களைத் திருத்த வேண்டாம். நிலுவையை அந்தந்த வருடத்து வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். படிவம் 1040-இல் 6சி என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். வரிக் கணக்குப் போடுபவரிடம், அந்த வருடம் வந்த தொகையைக் காட்டி ஜனவரியில் வரும் 1099 படிவத்தைக் கொடுத்து இதைப் பேர் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் இடத்தில் இருந்து செய்ய வேண்டியது. மை சோஷியல் செக்யூரிட்டி ஆன்லைன் கணக்கில் நுழைந்து, உரிமை மாதமும் தொகையும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 1-800-772-1213-க்கோ உள்ளூர் ஆபீஸுக்கோ போன் செய்து மூன்றே கேள்வி: ஃபைல் இப்போது எந்தப் பேமென்ட் சென்டரில் இருக்கிறது, எஸ்எஸ்ஐ கணக்கு முடிந்துவிட்டதா, வேறு ஆவணம் ஏதாவது என்னிடமிருந்து வேண்டுமா. பேசியவர் பெயர், நாள், நேரம், சொன்ன பதில் நான்கையும் ஒரே நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை வேறொருவர் எடுப்பார். நோட்டைப் பார்த்துப் பேசினால் அவரால் உங்கள் பேச்சைத் தட்டிக்கழிக்க முடியாது. வாடகை கட்ட முடியாமல் வெளியேற்ற நோட்டீஸ் வந்திருந்தாலோ, மின்சாரத்தைத் துண்டிக்கப்போவதாகக் கடிதம் வந்திருந்தாலோ, மருந்து வாங்க வழியில்லை என்றாலோ அந்தக் காகிதத்தோடு நேரில் போங்கள். அவசர நிலையில் உள்ளூர் ஆபீஸே 999 டாலர் வரை உடனே தர விதி இடம் கொடுக்கிறது. 90 நாள் தாண்டிவிட்டால் உங்கள் பகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தை அணுகலாம். உங்கள் கணவர் ஒரு அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டால் அவர்கள் ஏஜென்சியிடம் விசாரிப்பார்கள். இதற்குக் கட்டணம் இல்லை, குடியுரிமை கேட்க மாட்டார்கள்.

நிலுவை வந்துவிட்டது, ஊருக்குப் போய் வரலாம் என்று நினைத்தால், போகும் முன் ஒரு விஷயம். எஸ்எஸ்ஐ 30 நாள் தொடர்ந்து நாட்டுக்கு வெளியே இருந்தால் நிற்கும். திரும்பி 30 நாள் தங்கிய பிறகுதான் மறுபடி தொடங்கும். எஸ்எஸ்டிஐ அமெரிக்கக் குடிமகனுக்கு இந்தியாவிலும் வரும். கிரீன் கார்டில் இருப்பவருக்கு ஆறு காலண்டர் மாதத்தைத் தாண்டினால் நிற்க வாய்ப்புள்ளது. டிக்கெட் எடுப்பதற்கு முன் ஆபீஸில் தேதிகளைச் சொல்லிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.